கூட்டாமல் விட்ட இடம்

எண்பதுகளின் தொடக்கத்தில், சாய்ந்தமருதில், கடற்கரையிலிருந்து இரண்டு வளவு உள்ளே இருந்த ஒரு கிடுகு வேலிக்குப் பக்கத்தில் இது நடந்தது. அப்போது எனக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். எனக்கு மனது போனது சித்திரப் பாடத்துக்கு மட்டும்தான். கணக்குக் கொப்பியின் பின்பக்கம் முழுக்கக் கொடியும் பூவுமாக இருக்கும்.

போன கிழமை என் இளைய மகள் பாடசாலையால் வந்து, "தொனிப்பொருள் தேடிக்கிட்டு வரட்டாம் வாப்பா, அத எங்க போய்த் தேடுற?" என்று கேட்டாள். நான் பெரிய படிப்பாளி இல்லை. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன் பிள்ளைகளே.

எங்கள் சித்திர ஆசிரியர் காரைதீவிலிருந்து சைக்கிளில் வருவார். அந்த வருடம் அவர் ஒரு வேலை தந்தார். ஆளுக்கு ஒரு தொனிப்பொருள், அதாவது படங்களுக்கெல்லாம் அடிப்படையாக ஒரு பொருள், தேட வேண்டும். அதிலிருந்து ஆறு தாளில் அலங்கார வடிவம் செய்ய வேண்டும். ஒவ்வொரு தாளுக்குக் கீழும் எந்த இடத்தில் பார்த்தது என்று எழுத வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனை எனக்காகவே வைத்தது. முந்திய தவணையில் நான் ஒரு கலண்டரில் இருந்த பனிமலையையும் ஏதோ ஒரு சிவப்புப் பூவையும் அப்படியே கீறிக் கொடுத்து மாட்டிக்கொண்டவன்.

"இன்னொருக்காக் கொப்பியடிச்சா, நீ சித்திரத்த விட்டுப்போட்டு வேற பாடம் எடுக்கலாம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கு இருந்த ஒரே பாடமும் போய்விடும்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பக்கத்து ஊரான மாவடிப்பள்ளிக்கு ஓடினார்கள். வயல், வரம்பு, சூரியன். ஆசிரியர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "மாவடிப்பள்ளியில மட்டும் இத்தின சூரியனாடா? அங்க நெல்லு கருகிப் போயிருக்குமே!" என்றார். வகுப்பே சிரித்தது. மாவடிப்பள்ளியை நானும் விட்டுவிட்டேன்.

எனக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. உயிருள்ளதைக் கீறுவது எங்கள் வாப்பாவுக்குப் பிடிக்காது. ஒருமுறை நான் கீறிய கொக்கைப் பார்த்துவிட்டு, "இதுக்கு உசிர் குடு எண்டு நாளைக்கு மறுமையில கேட்டா என்ன செய்வாய்?" என்றார். அடிக்கவில்லை, ஏசவில்லை. கேட்டுவிட்டுத் தொழப் போய்விட்டார். அதற்குப் பிறகு என் கை கொக்குக்கும் போகவில்லை, மாட்டுக்கும் போகவில்லை. கரைவலை இழுக்கும் ஆட்களைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். வலையைக் கீறலாம், ஆளைக் கீற முடியாது. ஆள் இல்லாத வலை எனக்கு அழகாகவும் வரவில்லை.

அப்படியே ஒரு கிழமை போனது. விடியச் சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலால் வந்ததும் கொப்பியைச் சாறன் இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பேன். அந்த நேரத்து ஊர் கனவு மாதிரி இருக்கும். கடல் தெரியாது, ஆனால் எல்லாத் தெருவுக்குள்ளும் அதன் சத்தம் வந்து நிற்கும். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி தலை கொண்டுபோன தென்னைகள் வெறும் கம்பங்களாக நிற்க, அவற்றுக்குப் பின்னால் வானம் மெதுவாக வெளுக்கும். வெள்ளை மணல் பனியில் நனைந்து கால் வைத்த இடமெல்லாம் கொஞ்சம் கறுக்கும். நான் என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. தேடாமல் நடந்தாற்கூட ஏதோ ஒன்று என்னைத் தேடி வரும் என்ற ஒரு நினைப்பு.

அப்படி நடக்கும்போதுதான் அந்த வேலியில் ஒரு கிடுகு சரிந்து கிடந்ததைக் கண்டேன். அந்த இடைவெளியால் ஒரு முற்றம் தெரிந்தது.

எங்கள் பக்கத்து முற்றங்கள் எல்லாம் மணல்தான். பெண்கள் விடிய எழும்பி ஈர்க்கில் விளக்குமாற்றால் கூட்டுவார்கள். கூட்டியதும் மணலில் கோடு விழும். அது யாருக்கும் புதினம் இல்லை. எங்கள் வீட்டிலும் உம்மா கூட்டுவார். கால் மணித்தியாலத்தில் கோழி, தம்பிமார், பால்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாரும் உழக்கி, கோடு இருந்த இடமும் தெரியாமல் போகும். ஆனால் இந்த முற்றத்தில் ஒரு கால் தடம் இல்லை. வீட்டு வாசலிலிருந்து கிணற்றடி வரை பிறை பிறையாகக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று, மீன் செதிள் அடுக்கின மாதிரி. வெயில் சரிவாக விழ, ஒவ்வொரு பிறைக்கும் ஒரு மெல்லிய நிழல். நான் மூச்சு விடாமல் நின்றேன். உயிருள்ளது எதுவும் இல்லை. ஆனாலும் அந்த மணல் அப்போதுதான் மூச்சு எடுத்துவிட்டு அடங்கினது போலிருந்தது.

ஐந்து நாள் போனேன். ஐந்து தாள் கீறினேன். ஒவ்வொரு நாளும் கோடு வேறு. மழைக்குப் பிறகு ஆழமாக இருந்தது. ஒரு நாள் அலை போல நீண்டிருந்தது. பின்னேரம் அந்த வழியால் போனாலும் காலையில் விழுந்த கோடு அப்படியே இருக்கும்.

ஏன் அப்படியே இருக்கிறது என்று நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை. என் பிழை அங்கேதான் இருந்தது.

அது இத்தா வீடு. எங்கள் மார்க்கத்தில் கணவரை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பார். வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது. அந்த வீட்டு மனிதர் காய்ச்சலில் மௌத்தாகி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. ஜனாஸா அடக்கத்துக்கு நானும் போனவன். அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். ஆனால் அது தலையின் ஒரு மூலையிலும், இந்த முற்றம் இன்னொரு மூலையிலும் கிடந்தன. இரண்டும் சந்திக்கவேயில்லை.

ஐந்தாம் நாள், பின்னால் இருந்து ஒரு கை என் பிடரியைப் பிடித்தது.

"ஆர்ரா நீ? வேலிக்குள்ளால என்னடா பாக்கிறாய்?"

அந்தப் பெண்ணின் தம்பி. முப்பது வயது மதிக்கலாம். ஒரு கையில் கடற்கரையால் வாங்கி வந்த மீன் கோர்வை. மற்றக் கையில் நான்.

"படம் கீறினன் காக்கா. வேறொண்டும் இல்ல" என்றேன், அண்ணனை அழைக்கும் குரலில்.

"படமா? மாடு மாதிரி வளந்திரிக்காய், இத்தாவில இரிக்கிற பொம்புளட வளவுக்குள்ள கண் வைக்க வெக்கமில்லியா? நட, உங்கட வாப்பாட்டயும் பள்ளிக்கூடத்திலயும் போய்ச் சொல்லுவம்."

அந்த நொடியில்தான் இரண்டு மூலைகளும் என் தலைக்குள் சந்தித்தன. காது சூடேறியது. வாப்பாவின் முகம் வந்தது. சித்திரம் மட்டுமல்ல, பள்ளிக்கூடமே போய்விடும் என்று விளங்கியது. நான் கொப்பியை நீட்டினேன். அவர் மீன் கையாலேயே புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் குழம்பியது.

"என்னடா இது? கோடு கோடாக் கிடக்கு. ஆளையே காணல்ல."

"ஆள் கீறுற இல்ல காக்கா. வாசல் மணல் மட்டுந்தான்."

"வாசலையா? விசரா உனக்கு?"

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தம்பியை அழைத்தது. அவர் என்னை வேலிக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, கொப்பியோடு பின்பக்கத்தால் சுற்றி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தால் திரும்பி வந்து, "எத்தின நாளா வாறாய் எண்டு ராத்தா கேக்கிறா" என்றார். "அஞ்சு நாள்" என்றேன். போனார். மறுபடி வந்தார். "ஆரும் அனுப்பினாங்களா எண்டு கேக்கிறா." பள்ளிக்கூட வேலை என்றேன். ஆசிரியர் சொன்னது, பாடம் போகப் போவது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மறுபடி திரும்பி நடக்க, உள்ளே இருந்து குரல் வந்தது.

"நீ ஏன்டா தபால்காரன் மாதிரி ஓடித் திரியிறாய்? அவனுக்குக் காது இரிக்கிதானே. நான் இதிலயிருந்து கதைக்கிறன்."

சன்னலில் தடித்த சீலைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னாலிருந்து தாள் புரளும் சத்தம் கேட்டது.

"இது மழைக்கு மறுநாள்" என்றது குரல். "இது வெள்ளிக்கிழம. கை நோகுது எண்டு இடக் கையால கூட்டினன். அதையும் இந்தப் பொடியன் கண்டிரிக்கான்."

தாம் கூட்டிய ஒவ்வொரு நாளையும் அவர் கோட்டிலிருந்தே அடையாளம் கண்டார். எனக்குப் பயம் கொஞ்சம் விலகி, ஒரு சந்தோசம்கூட வந்தது. அப்போது அவர் கேட்டார்.

"தம்பி, தாவாரத்துக்குக் கீழ, செவரோட, இந்தக் கோட்ட ஆர் போட்ட?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தாவாரத்துக்குக் கீழே சுவரோடு ஒட்டி, ஒரு பாய் அகலத்துக்கு, எல்லா நாளும் கூட்டாமல் கிடக்கும். காய்ந்த சருகும் பழைய மணலும். அந்த வடிவத்துக்கு அது ஒரு பொத்தல் மாதிரி எனக்குப் பட்டது. ஐந்து தாளிலும் நானே பிறைகளைப் போட்டு நிரப்பியிருந்தேன்.

"நான்தான் போட்ட."

"அதில நான் கூட்டுற இல்லியே. நீ காணல்லியா?"

"கண்டன். வடிவில்லாம இருந்திச்சி."

திரைக்குப் பின்னால் மறுபடி ஒரு தாள் புரண்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அது அவர் சைக்கிள் சாத்துற இடம். டயர் பதிஞ்ச அடையாளம் இன்னும் இரிக்கி. நான் அதச் சுத்தித்தான் கூட்டுவன்."

மீன் கோர்வையோடு நின்ற தம்பி நிமிர்ந்தார். "அதுக்காகவா ராத்தா? போன மாசம் என்ர சைக்கிள அதில விடப் போகக்கொள்ள ஏசின நீங்களே... சொல்லியிரிக்கலாமே."

"என்னத்தச் சொல்ற" என்றார் அவர்.

தம்பி கொப்பியை வாங்கி வந்து என் கையில் தந்தார். நான் வேலிக்கு வெளியே மணலிலேயே இருந்து, அழிறப்பரை எடுத்து, ஐந்து தாளிலும் அந்த இடத்தை அழித்தேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். என் பிடரியைப் பிடித்தவர்தான். இப்போது காற்றுக்குப் பறக்கும் தாளின் ஓரத்தைத் தம் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

புறப்படும்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இனி வேலிக்கிட்ட வராத தம்பி. ஆர்ர வாசல் எண்டும் ஒருத்தரிட்டயும் கதைக்காத. கீறினத நீ வச்சுக்க."

வாக்குக் கொடுத்தேன். அன்றே அந்த வேலிக்கு மூன்று புதுக் கிடுகு வந்தது.

ஆறாம் தாளுக்கு எங்கள் வீட்டு முற்றத்தையே கீறினேன். உம்மா கூட்டிக் கால் மணித்தியாலம் ஆன பிறகு இருந்த முற்றம். கோழிக் கால், செருப்பு, தம்பிமார் போளை உருட்டி விளையாடிய குழி, பால்காரரின் சைக்கிள் போன தடம். அந்தத் தடத்தைக் கீறும்போது கை கொஞ்சம் நின்று நின்றுதான் போனது.

ஆசிரியர் ஆறு தாளையும் மேசையில் பரப்பினார். ஆறாவதற்குக் கீழே மட்டும் 'எங்கள் வீடு' என்று எழுதியிருந்தது. மற்ற ஐந்துக்கும் கீழே ஒன்றும் இல்லை.

"இதுகள் எங்க பாத்தது?"

"சொல்லேலா சேர்."

"சொல்லேலாதா, சொல்லத் தெரியாதா? பழையபடி எங்கயோ அச்சடிச்ச மோஸ்தரப் பாத்துப் போட்டிருக்காய்."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சொன்னால் பாடம் மிஞ்சும். சொல்லாவிட்டால் வாக்கு மிஞ்சும். இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய எனக்குப் பெரிய துணிச்சல் இருந்தது என்று எழுத மாட்டேன். வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆசிரியர் தாள்களை அடுக்கி என்னிடம் தரப் போனார். பிறகு நிறுத்தினார். மறுபடி பரப்பினார். அவர் விரல் ஒவ்வொரு தாளிலும் அந்த ஒரே வெறுமையான இடத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது.

"இதேன் எல்லாத்திலயும் இப்படிக் கிடக்கு?"

"அதில கூட்டல்ல சேர்."

"ஏன்?"

நான் தாள்களின் ஓரத்தை நேராக்கினேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.

"பொய்யாக் கீறுறவன் இத நிரப்பியிருப்பான்" என்று சொல்லிவிட்டு, பேனையைத் திறந்து ஐந்து தாளிலும் கையெழுத்து வைத்தார்.

நான் சித்திரப் பாடம் எழுதினேன். பரீட்சையில் பெரிய புள்ளியெல்லாம் வரவில்லை, சாதாரண சித்திதான். அந்தப் பெண்மணியின் முகத்தை நான் அன்றும் காணவில்லை, பிறகும் கண்டதில்லை. நிரப்பினதும் நான்தான், அழித்ததும் அவர் சொன்னதால்தான். ஆசிரியர் என்னிடம் கண்டதாக நினைத்த உண்மை என்னுடையது இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். யாருடைய முற்றம் என்பதை மட்டும் விட்டுவிட்டு, இதைத்தான் மகளுக்கும் சொன்னேன். தேடிப் போகும் இடத்தில் எவராவது எதையாவது கூட்டாமல் விட்டிருந்தால், அது அழகில்லை என்று முடிவு கட்டாமல், அங்கே யார் நின்றிருப்பார் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நிற்க நான் இன்றைக்கும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.