அம்மாவின் ஆட்சேபணை

அம்மாவின் கல்யாண அறிவிப்பைச் சர்ச்சில் உட்கார்ந்து கேட்கும் பாக்கியம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்? எனக்குக் கிடைத்தது.

அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஓய்வுபெற்ற டீச்சரான அம்மா, ஆனையூர் வீட்டில் தனியாக டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் சபைப் பாடகர் குழுவில் ஒருவர், பஸ் கண்டக்டராக இருந்தவர், மனைவியை இழந்தவர். திருவாதவூரில் கொஞ்சம் வயல் உண்டு. ஞாயிறுதோறும் கீரைக்கட்டோடு வருவார். அந்தக் கீரை எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் வருகிறது என்று மரமண்டையான எனக்கு உறைக்கவே ரொம்ப நாளாயிற்று. நான் அதைப் பற்றிக் கேட்டதும் அம்மா, "போடி கூறுகெட்டவளே!" என்று அடுப்படிக்குள் ஓடினாள். அறுபது தாண்டி அப்படியொரு வெட்கம்!

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்ட சொந்தக்காரர்களை நான் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ஆனால் அம்மாவின் கவலை வேறு.

"மேல உங்கப்பா காத்துக்கிட்டு இருப்பாருடி. அவரு மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?"

சம்மதம் சொன்ன பிறகும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்பார். வழக்கமாக எவரும் வாய் திறப்பதில்லை. கடைசி ஞாயிறு அவர் கேட்டு முடிக்கவும், என் பக்கத்தில் புடவை சரசரத்தது. அம்மா எழுந்து நின்றாள்.

"எனக்கு இருக்குய்யா."

கல்யாணப் பெண்ணே ஆட்சேபித்தால் என்ன செய்வதென்று பாவம், போதகருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

"பரலோகத்துல நான் யாரு பொண்டாட்டிய்யா?" என்று கேட்டாள் அம்மா.

"அங்க கல்யாணம் காட்சியெல்லாம் கிடையாதுன்னு ஆண்டவரே சொல்லிட்டாரேம்மா" என்றார் போதகர். அம்மா உட்காரவில்லை.

ஆண்கள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை எழுந்தார். "ஐயா, எனக்கும் மேல ஒருத்தி இருக்கா. டீச்சருக்கு எம்புட்டு பயமோ எனக்கும் அம்புட்டு பயம் உண்டு. ஆனா சாகப்போற நேரத்துல, என்னையத் தனியா விட்டுட்டுப் போறமேன்னுதான் அவ அழுதா. எனக்கொரு தொணை கெடச்சா அவ கோவிக்கவா போறா?"



அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்க வீட்டுக்காரரும் அதையே சொல்லித்தான் அழுதாரு" என்றாள்.

அதை அவள் என்னிடம்கூட அதுவரை சொன்னதில்லை. பரலோகம் என்றால் வெள்ளை உடுப்பும் ஓயாத பாட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே ஒருவரை நேசிப்பதற்காக இன்னொருவரை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்று அந்த நிமிஷம் நம்பினேன். அப்பாவை நினைத்து விம்மி விம்மி அழுதேன். அழும்போதே சிரிப்பும் வந்தது.

போதகர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப... ஆட்சேபணைம்மா?"

"வாபஸ் வாங்கிக்கிறேன்யா" என்றாள் அம்மா. "ஆனா தேதியைக் கொஞ்சம் முன்னாடி வைக்க முடியுமான்னு பாருங்க."