ஜாக் சோடியைக் கவிழ்த்த பிற்பகல்

என் மனைவிக்கு இத்தாலியில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு கபினா. கோடை வந்ததும் மணலில் வரிசை வரிசையாக நட்டுவைக்கிறார்களே மரப்பெட்டிகள், உடுப்பு மாற்றவும் இரண்டு கதிரை போடவும் மட்டுமே இடமுள்ளவை, அதில் ஒன்று. அவள் வேலை செய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோராவுக்கு அப்படி ஒன்று உண்டு. பல கோடைகளாக அதன் வாசலில் துவாயும் கையுமாக நிற்பவள் என் மனைவி. உள்ளே இருந்து கடலைப் பார்ப்பவர் சிஞ்ஞோரா.

"கடல் ஒண்டுதான். ஆனா நிண்டுகொண்டு பாக்கிறதும் இருந்துகொண்டு பாக்கிறதும் ஒண்டில்லை," என்பாள். தத்துவ நூல்கள் நிறைய வாசித்தவன் நான். இதை மறுக்க ஒன்றிலும் வழி கிடைக்கவில்லை.

அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே, சந்துக்குள், ஒரு கழகம் இருக்கிறது. பெயர்ப்பலகையின்படி அது கலாசாரக் கழகம். கலாசாரம் என்று உள்ளே நான் கண்டது ஒரு கோப்பி இயந்திரமும் நாலைந்து சீட்டுக்கட்டுகளும்தான். நானும் என் மனைவியின் அண்ணனும் அதில் உறுப்பினர்கள். கழகம் ஒவ்வொரு கோடைக்கும் மொண்டெல்லோவில் ஒரு கபினா எடுக்கும். யார் அனுபவிப்பது என்பதில் முன்பு சட்டைக் கொலர் பிடிக்கும் வரை போனதால், இப்போது மே மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் போக்கர் போட்டி வைத்துத் தீர்க்கிறார்கள். கடைசியாக மிஞ்சும் நால்வருக்கும் ஆளுக்கொரு மாதம். முதலாவதாக வந்தாலும் நாலாவதாக வந்தாலும் பரிசு ஒன்றுதான். எந்த மாதம் என்பது குலுக்கலில். ஐந்தாவதாக வருபவருக்கு ஒரு கோப்பி.

"உங்கட சீட்டாட்டத்தால ஒருநாளாவது இந்த வீட்டுக்கு ஒரு பிரயோசனம் வரட்டும்," என்று சொல்லித்தான் அன்றைக்கு மனைவி என்னை அனுப்பினாள். ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எப்படியோ ஐந்து பேராகக் குறையும் வரை தப்பிப் பிழைத்தேன். திறமை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நல்ல சீட்டே வராததால் யாரோடும் மோத வாய்ப்புக் கிடைக்கவில்லை. மேசையில் ஆக அதிகப் பந்தய வில்லைகள் மச்சானிடம். அடுத்தது என்னிடம். ஓய்வுபெற்ற பஸ் சாரதியும் மருந்துக்கடைக்காரரும் பரவாயில்லாமல் இருந்தார்கள். ஐந்தாமவர் மூலைச் சலூன்காரர். அவர் முன்னால் ஒரேயொரு வில்லை. அடுத்த ஆட்டத்தில் கட்டாயப் பந்தயம் கட்டும் முறை அவருடையது. சீட்டு நல்லதோ கெட்டதோ அந்த வில்லையை அவர் வைத்தே ஆகவேண்டும். அது போனால் அவர் வெளியே, நாங்கள் நால்வரும் கடற்கரையில். ஆக, நான் செய்ய வேண்டியது எதுவும் செய்யாமல் இருப்பது. எனக்கு இயல்பாக வரும் ஒரே கலை அது.

அப்போதுதான் கையில் ஜாக் சோடி வந்தது.

போக்கரில் ஜாக் சோடி நல்ல சீட்டு. ஆனாலும் ராணி, ராசா, ஏஸ் சோடிகள் அதற்கு மேலே. இது எனக்கு அறிவால் தெரியும். உடம்புக்குத் தெரியாது. உடம்பு யாழ்ப்பாணத்தில் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தது. அந்த ஆட்டத்தில் ஜாக்தான் ஆகப் பெரிய சீட்டு. அதற்கடுத்தது ஒன்பது. ராசாவும் ராணியும் எவ்வளவோ கீழே, வேலைக்காரர் வரிசையில். முடியாட்சி பற்றி எங்கள் ஆட்களின் கருத்து அது. இரண்டு ஜாக்கை ஒன்றாகக் கண்டதும் கதிரையை மேசையோடு நெருக்கிப் போட்டேன்.

முதல் முறை சலூன்காரருக்கு; ஒற்றை வில்லையைக் காப்பாற்றச் சீட்டை எறிந்தார். அடுத்தது மச்சான். அவர் தொண்டையைச் செருமினார். தன் வில்லைகள் அனைத்தையும் இரண்டு கையாலும் மேசை நடுவே தள்ளினார். சாரதி சீட்டைக் கவிழ்த்து விலகினார். மருந்துக்கடைக்காரரும் கவிழ்த்தார். எதிர்த்து ஆடினால் என் வில்லைகள் முழுவதையும் நானும் வைக்கவேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தச் செருமலை நான் அறிவேன். மச்சானும் அதே ஊர், அதே ஆட்டம். பிற்பகல் முழுக்க ராசா வந்தபோதெல்லாம் சந்தேகத்தோடு பார்த்தார், ஒன்பது வந்தபோதெல்லாம் செருமினார். இவ்வளவையும் தள்ளுகிறார் என்றால் அவரிடம் இருப்பது ஒன்பது சோடி. கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ஜாக் சோடி ஒன்பது சோடியை ஐந்தில் நாலு தடவை வெல்லும்.

வென்றால்? ஒரு மாதம் கபினா. கவிழ்த்துவிட்டுச் சும்மா இருந்தால்? அநேகமாக அதே ஒரு மாதம் கபினா. வென்றதற்காக இரண்டாவது கபினா தரமாட்டார்கள். ஆனால் அந்த ஐந்தாவது தடவை இன்றைக்கு வந்து தொலைத்தால் எனக்கு ஒரு கோப்பி, என் மனைவிக்கு இன்னொரு கோடை துவாயோடு. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. இடையில் மச்சான் மட்டும் இல்லாவிட்டால்.

"என்ன மச்சான், யோசிக்கிறீர்? இதென்ன விசாவுக்குப் பெர்மெஸ்ஸோ அப்ளிக்கேசனே?"

"பொறும்."

"பொறுக்கிறன். நீர் என்ர தங்கச்சியைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் இப்பிடித்தான், ரண்டு வடை முடியுமட்டும் முடிவு சொல்லேல்லை."

"முடிவு சரியாத்தானே வந்தது?"

"அதை அவளிட்டைக் கேக்கவேணும்."

மேசையில் வேற்றுமொழி பேசக்கூடாது என்பது விதி. கழகத் தலைவர், "இத்தாலியன்! இத்தாலியன்!" என்று கத்திவிட்டு, மிச்ச ஏச்சு முழுவதையும் தன் ஊர்மொழியான சிசிலியனில் ஏசினார். சலூன்காரரோ என் தோளைத் தட்டி, "கொராஜ்ஜோ!" என்றார். தைரியமாம். என் வீரத்தில் அவருக்கு அவ்வளவு அக்கறை; நான் தோற்று எழும்பினால் ஐந்தாம் இடம் என்னுடையது, ஒற்றை வில்லையோடு அவருக்குக் கபினா.

மச்சானிடம் பின்வாங்குவது எங்களுக்குள் சின்ன விஷயமில்லை. விவாகரத்தைக்கூடச் சனம் ஒருநாள் மறக்கும். இதை மறக்காது. கலியாணவீடு, செத்தவீடு, தேவாலயத் திருநாள் எல்லாவற்றிலும் பரிமாறப்படும். என் கை வில்லைகளை நோக்கிப் போய்விட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு ஏற்கனவே வென்றுகொண்டிருந்தது. அந்த நேரம் என் மனைவி கபினாவுக்குள் இருக்கும் காட்சி கண்ணில் தோன்றியது என்று எழுதினால் அழகாக இருக்கும். தோன்றியது அதுவல்ல. "கபினாவை அண்ணாட்டைத் தோத்தோ வந்தனீங்கள்?" என்று அவள் கேட்கப்போகும் குரல்தான் கேட்டது.

இரண்டு ஜாக்கையும் கவிழ்த்துத் தள்ளினேன். சலூன்காரர் பெருமூச்சோடு என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

மச்சான் தன் சீட்டை மெதுவாகத் திருப்பினார். ஒன்பது, ஒன்பது.

"ஒன்பதுக்குப் பயந்த ஆம்பிளையை இண்டைக்குத்தான் காண்றன்!"

"என்னட்டை ஜாக் சோடி இருந்தது."

"ஓம் ஓம். என்னட்டையும் மொண்டெல்லோவில ரண்டு ஹோட்டல் இருக்கு."

கவிழ்த்த சீட்டை யாரும் நம்புவதில்லை. நம்பும்படி காட்டலாம் என்று கையை நீட்டினேன். தலைவர் அதற்குள் எல்லாவற்றையும் சேர்த்துக் குலுக்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்த ஆட்டத்தில் சலூன்காரர் ஒற்றை வில்லையோடு மோதி, ஒன்றுக்கும் உதவாத சீட்டில் வென்று, எங்கள் எல்லோரிடமும் ஒவ்வொன்று பறித்துக்கொண்டார். மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆனால் திடீர்ப் பணக்காரர்கள் பொறுமைக்குப் பேர்போனவர்கள் அல்லர். அதற்கடுத்த ஆட்டத்திலேயே சலூன்காரர் அனைத்தையும் தள்ள, சாரதி ராசா சோடியால் அவரை வீட்டுக்கு அனுப்பினார். முடியாட்சிக்கு அன்றைக்கு நான் மனதார வணக்கம் வைத்தேன்.

குலுக்கலில் எனக்கு ஜூலை, மச்சானுக்கு செப்டெம்பர். செப்டெம்பர் வரை பொறுக்க அவரால் முடியவில்லை. ஜூலையின் முதல் ஞாயிறே எங்கள் கபினா வாசலில் வந்து நின்று, ஒன்பது சோடிக்கு நான் நடுங்கிய கதையைப் பக்கத்துக் கபினாக்காரருக்கும் கேட்கும்படி இத்தாலியனில் சொல்லத் தொடங்கினார். அதற்குள் அவர் கதையில் என் கை ஆடியது மட்டுமல்ல, கண்ணும் கலங்கியிருந்தது.

என் மனைவி சாய்வுக் கதிரையில் இருந்தபடியே கேட்டாள். எழும்பவில்லை.

"அண்ணை, கதை முடிஞ்சுதோ?"

"இன்னும் இருக்கு."

"அப்ப மிச்சத்தை வெளியில நிண்டு சொல்லு. இல்லாட்டி அங்கை பைப்பில காலைக் கழுவிப்போட்டு வா. இது என்ர கபினா."

மச்சான் கால் கழுவப் போனார்.