ஷூவும் வருமாங்க?

போன ஞாயிற்றுக்கிழமை ரீட்டா வந்திருந்தார், மகளின் கல்யாணப் பத்திரிகையோடு. எண்பதுகளில் தருமபுரியில் என்னோடு ஒரே ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். காபி குடித்தபடியே, ஹாலில் மாட்டியிருந்த ஒகேனக்கல் அருவிப் படத்தைப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குங்க சார். அந்தக் கேமராவா?"

அந்தக் கேமராதான். எத்தனை நாள்தான் மறைப்பது? அவரிடம் கொட்டியதை உங்களிடமும் கொட்டிவிடுகிறேன்.

மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த எஸ்.எல்.ஆர். கேமரா அது. பெரிய பத்திரிகை போட்டோகிராபர்கள் கழுத்தில் தொங்குமே, அந்த ரகம். அதை வைத்துக்கொண்டு ஆபீசில் நான் அலட்டிய அலட்டல் கொஞ்சமா? ரீட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "ஸ்டூடியோக்காரரெல்லாம் எதுக்கு? நான் எடுக்கிறேன்" என்றேன். பேசி வைத்திருந்த பென்னாகரத்து ஸ்டூடியோக்காரரை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

ரீட்டாவின் அப்பா அந்தோணி, நிலக்கடலை போடும் விவசாயி. மகளின் கையைப் பிடித்து மாதா கோயிலுக்குள் நடப்பதற்காக, வாழ்நாளில் முதல்முறையாக ஷூ வாங்கியிருந்தார். இரண்டு ரோல் பிலிமை என்னிடம் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஷூவும் வருமாங்க சார்?"

"லேஸ் முடிச்சுகூட வரும், பாருங்க."

கோயில் வாசல், மோதிரம், தாலி, சாமியாரோடு குரூப் – வளைத்து வளைத்து எடுத்தேன். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். கேமராவில் எண்ணோ முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று போய்க்கொண்டே இருந்தது. கோயிலுக்குப் பின்னால் போய் மூடியைத் திறந்தேன். பிலிமின் நுனி, அதை இழுத்துச் சுற்றும் உருளையில் மாட்டவே இல்லை. ஒரு படம்கூட விழவில்லை.

இன்றும் உறுத்துவது அந்த நிமிடம்தான். சாமியார் அங்கேதான் நின்றார். மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில். அந்தோணியின் காலில் ஷூ. "தப்பு நடந்துபோச்சுங்க, இன்னொரு தடவை நடந்து வாங்க" என்றிருந்தால் சிரித்துக்கொண்டே வந்திருப்பார்கள். ஊர் பார்க்க அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே ரோலை ஒழுங்காக மாட்டிக்கொண்டு பந்திக்குப் போனேன். அதற்குள் அந்தோணி, கடிக்கிறதென்று ஷூவைக் கழற்றிவிட்டிருந்தார்.

"ஒரு ரோலை சேலம் லேப்ல கெடுத்துட்டாங்க" என்று பிறகு கூசாமல் சொன்னேன். அப்படிச் சொன்னபின் மிச்சமிருந்த ரோலை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அதில் எடுத்ததுதான் அந்த ஒகேனக்கல்.

சொல்லி முடித்தபோது ரீட்டாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தெரியுங்க சார்" என்றார். "கெட்டுப்போனதாச்சும் குடுங்கன்னு கேக்க அப்பா சேலம் போனாருங்க. வந்ததே ஒரு ரோல்தான்னுட்டாங்க. வூட்டுக்கு வந்து, 'சார்கிட்ட யாரும் கேக்காதீங்க, சங்கடப்படுவாரு'ன்னு சொன்னாருங்க."

அதற்கப்புறமும் வருஷா வருஷம் எனக்கு நிலக்கடலை கொடுத்தனுப்பிய மனிதர் அவர். நானும் வறுத்துத் தின்றேன்.

"அந்த ஷூவ அவரு மறுபடி போடவே இல்லீங்க. அடக்கத்தன்னிக்கு நாங்கதான் போட்டுவுட்டோம். பெட்டியச் சுத்தி நின்னு குடும்பப் போட்டோ எடுப்போமில்லீங்களா... பென்னாகரத்து ஸ்டூடியோக்காரருதான் வந்து எடுத்தாரு. அதுல ஷூ வந்திருக்குங்க சார்."

ஸ்டூடியோக்காரரெல்லாம் எதுக்கு என்று கேட்டவன் நான்.