தஞ்சாவூருக்குத் தனியாப் போன எங்க நங்கை

அதுதானுங்க நான் சொல்றது, நங்கை ஊரு ஊராப் போய்க் கோயில் பார்த்தவங்கன்னு நம்ம மாதர் சங்கத்து நோட்டீசுல போட்டிருக்கறீங்களே, அது பொய்யில்லீங்க, ஆனா முழுசா நெசமும் இல்லீங்க. நங்கை நெனவா போடற மலருக்கு நீங்களே நாலு வார்த்தை சொல்லுங்கன்னு என்னைய உக்கார வச்சுட்டீங்க. நான் அஞ்சாவதோட நின்னவ. கோர்வையா எழுத வராது, பேச்சுத்தான் வரும். பேசறதை அப்படியே எழுதிக்கிங்க. பதினாறு நாளா வந்தவங்களுக்கு ஆக்கிப் போட்டுக் கை ஓஞ்சு கெடக்குது, நடுவுல நிறுத்தி நிறுத்தித்தான் சொல்லுவேன்.

சேதி வந்தது ஒரு மத்தியான நேரம். வாசல்ல மொளகா காயப் போட்டுட்டு இருந்தேன். கோயமுத்தூரு பஸ் கண்டக்டரு வண்டியை நிறுத்திப்போட்டு எறங்கி வந்து, "ஏனுங்க, ஊட்டுல பெரியவரு இருக்காருங்களா?"ன்னு கேட்டாரு. தோட்டத்துல இருக்காருங்கன்னேன். அவரு மொகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. கையில ஒரு சீட்டு. நங்கை மக சரசுவை வால்பாறையில எஸ்டேட் ஆபீசுல கணக்கெழுதறவருக்குக் குடுத்திருக்குது. மருமகன் எழுதின சீட்டுங்க அது. முதல் பஸ்ஸுல குடுத்து, பொள்ளாச்சியில கை மாறி, கோயமுத்தூருல கை மாறி, எங்க ஊரு வந்து சேர்ந்திருக்குது. "அத்தை வெடியால காலமாயிட்டாங்க. கூட்டிட்டு வாறோம்." அவ்வளவுதான் இருந்துது. தந்தி மறுநாள்தான் வந்துது. அப்ப எடுத்தே முடிஞ்சு போச்சுங்க.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நங்கைன்னா எங்கூட்டுக்காரருக்குக் கூடப்பொறந்த ஒரே அக்கா. பேரு ராமாத்தா. புருசன் பாம்பு கடிச்சுப் போய்ச் சேர, இருபத்தாறு வயசுல கைக்கொழந்தையோட பொறந்த ஊட்டுக்கே வந்துட்டாங்க. நான் இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப அவங்கதான் கட்டுத்தரையில மாட்டைப் பார்த்தது, களத்துல ஆளைப் பார்த்தது, ஆக்கறதுக்கு அளந்து போட்டது எல்லாம். சத்தம் போட்டுப் பேச மாட்டாங்க. ஒரு நாளு பொழுது சாயற நேரத்துல மலையடிவாரத்துல இருந்து ஆனை எறங்கித் தென்னங்கன்னை முறிச்சுட்டு இருந்துது. ஆம்பளைங்க எல்லாம் தகரத்தைத் தேடறாங்க. நங்கை எண்ணெய் டின்னைத் தூக்கி நாலு தட்டுத் தட்டி, "போ சாமி, இது புள்ளை குட்டிக்காரங்க ஊடு, போ"ன்னாங்க. அது என்ன நெனச்சுதோ, திரும்பிப் போச்சுங்க. அப்பறம் உள்ள வந்து உக்காந்தாங்க. "காப்பி குடு அம்மணி"ன்னாங்க. அவ்வளவுதான்.

இப்பக் கோயில் விசயத்துக்கு வாரேன்.

எங்க ஊட்டுல யாத்திரைன்னா கூட்டமாத்தான் போறது. வண்டி கட்டி, அண்டா குண்டாவோட. கோயிலுக்குப் போனதும் ஒருத்தரு மூட்டை முடிச்சுக்குக் காவல் இருக்கோணுமில்லீங்களா? அது ஆருன்னு ஆரும் சொன்னதில்லை. நங்கை தானாப் போய் உக்காந்துக்குவாங்க. தாலி இல்லாதவங்க முன்னால வந்து நிக்கக் கூடாதுன்னு ஒரு நெனப்பு எல்லாத்துக்கும். எனக்குந்தான் இருந்துதுங்க, இல்லைன்னா பொய். நாங்க கும்பிட்டுட்டு வந்து திருநீறு குடுப்போம். அவங்க பூசிட்டு, தூங்கற கொழந்தையை எழுப்பி எங்க கையில குடுப்பாங்க. எல்லாரும் அசந்து போயிருப்போம், சரி கெளம்பலாம்னு கெளம்பிருவோம்.

ஒரு தடவை கேலியா சொன்னாங்க: "பழனிக்குப் பதினோரு வாட்டி வந்திருக்கறேன் அம்மணி. அடிவாரத்துல எந்தக் கடையில தண்ணி நல்லாருக்கும்னு கேளு, சொல்றேன். மேல என்ன இருக்குதுன்னு மட்டும் கேக்காத."

நான் சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க.

கோயமுத்தூருல வெதைக்கடையில குடுத்த காலண்டருல தஞ்சாவூரு பெரிய கோயில் படம் இருந்துது. வருசம் முடிஞ்சும் நங்கை அதைக் கழட்ட உடமாட்டாங்க. ஒரு நாளு அரிசி பொடைச்சுட்டே சொன்னாங்க, "அங்க ஒருக்கா போகோணும் அம்மணி. நானு மட்டும்." எனக்கு ஒன்னும் புரியலை. ஏதாச்சும் வேண்டுதலுங்களான்னேன். "வேண்டுதல் ஒன்னுமில்லை. அத்தனை ஒசரத்துக்குக் கல்லை ஏத்தி வச்சிருக்காங்களே, கீழ நின்னு அண்ணாந்து பார்க்கோணும். கழுத்து வலிக்கிற வரைக்கும். ஆரும் வந்து 'போலாமா'ன்னு கேக்காம."

சாமி கும்பிடலைங்களான்னேன். "கும்பிடாம வருவனா? அதுவுந்தான்."

அப்பறம் அவங்க போட்ட திட்டம் இருக்குதே, கல்யாணத்துக்குக்கூட அப்படிப் போட மாட்டாங்க. வெதை வாங்கப் போன அன்னிக்கு ரயிலடிக்கே போய் விசாரிச்சுட்டு வந்தாங்க. டிக்கெட் குடுக்கறவரு, எத்தனை பேருங்கம்மான்னாராம். ஒருத்திதானுங்கன்னாங்களாம். கூட ஆருன்னாராம். "மஞ்சப்பைங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன்னாங்க.

காலண்டரு தாளுக்குப் பின்னால பென்சிலுல நான்தான் எழுதிக் குடுத்தேன். ஈரோட்டுல ஒருக்கா வண்டி மாறோணும், திருச்சியில எறங்கிச் சின்ன வண்டி ஏறோணும். கோயிலுக்குப் பக்கத்துல சத்திரம். போக ஒரு நாளு, இருக்க ஒரு நாளு, வர ஒரு நாளு. ஒரு மாத்துச் சேலை, ஒரு துண்டு, சொம்பு, கட்டுச்சோறு. அதுக்கு மேல ஒரு சாமானும் கூடாதுன்னாங்க. ஜமுக்காளம் எடுத்துக்கலாமில்லீங்களான்னேன். "சாமானு சேர்ந்தா அதுக்குக் காவல் இருக்கோணும். இந்தப் பையை மடியில வச்சுட்டே கோயிலைச் சுத்திப்போடுவேன்"னாங்க.

முதல் தடவை கெளம்பப் பார்த்தப்ப எங்கூட்டுக்காரரு காதுல விழுந்துது. அவரு கெட்டவரு இல்லீங்க. அக்கா மேல உசுரு. "தனியாவா? ஊரு என்ன சொல்லும்? நாம எல்லாருமே போலாமுங்க அக்கா"ன்னாரு. எல்லாருமேன்னதும் சின்ன மாமனாரு ஊட்டுல அஞ்சு பேரு, எம் பொறந்த ஊட்டுல மூணு பேருன்னு சேர்ந்துது. அத்தனை கொழந்தைங்களோட அவ்வளவு தூரம் வேண்டாம், பழனிக்கே போலாம்னு ஆகிப்போச்சு. நங்கை அடிவாரத்துல மூட்டையோட உக்காந்தாங்க. பன்னெண்டாவது வாட்டி. திரும்பி வர்றப்ப வண்டியில கேட்டேன், வருத்தமுங்களான்னு. "ஆரு மேல வருத்தப்படறது? எல்லாரும் ஆசையாத்தானே கூப்பிட்டாங்க"ன்னாங்க.

ரெண்டாவது தடவை நடந்ததை நான் இதுவரைக்கும் ஆருகிட்டயும் சொன்னதில்லை. எங்கூட்டுக்காரருகிட்டக்கூட. மலருல போட்டாலும் போடுங்க.

எம் மாமியாரு, அதாவது நங்கைக்குப் பெத்தவங்க, வாதம் வந்து கெடையில கெடந்தாங்க. மக கையால குடுத்தாத்தான் சோறு எறங்கும். நான் கொண்டு போனா வாயை இறுக்கி மூடிக்குவாங்க. தட்டி உட்ட கஞ்சி எஞ் சேலையெல்லாம் ஆகும். அந்த நெலமையில நங்கை ஒரு நாளு தம்பிகிட்டக் கேட்டாங்க: "மூணு நாளு. அம்மணி பார்த்துக்குவா. போய்ட்டு வந்துரட்டுமா சாமி?" அவரு என் மொகத்தைப் பார்த்தாரு, அக்கா மொகத்தைப் பார்த்தாரு. "மாரியம்மன் கோயில்ல பூக்கேட்டுரலாமுங்க. வெள்ளை வந்தாப் போங்க"ன்னாரு.

நம்ம பக்கத்துல அது வழக்கந்தானுங்களே. வெள்ளைப் பூ ஒன்னு, செவப்புப் பூ ஒன்னு, தனித்தனியா எலையில மடிச்சு ஆத்தா முன்னால போடறது. கையில எது வருதோ அதுதான் வாக்கு. வெள்ளை வந்தாப் போலாம், செவப்பு வந்தா வேண்டாம். மடிக்கிறது எப்பவும் நான்தான். விரதம் இருக்கற கை, சுத்தமான கைன்னு எல்லாத்துக்கும் ஒரு நம்பிக்கை.

வாழையெலையைக் கிழிச்சு உக்காந்தேன். முந்தின ராத்திரி முச்சூடும் தூக்கமில்லை. மூணு நாளுன்னு மனசுக்குள்ள எண்ணிப் பார்த்தேன். மூணு நாளு அந்தக் கட்டிலுகிட்ட நானு மட்டும். ரெண்டு எலையிலயும் செவ்வரளிதானுங்க வச்சேன்.

சஷ்டிக்குச் சஷ்டி பட்டினி கெடக்கறவ செஞ்ச காரியம் அது.

நங்கை கையக் கழுவிட்டு வந்து, ஒன்னை எடுத்துப் பிரிச்சாங்க. செவப்பு. அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "சரி, ஆத்தாளுக்கு இப்ப மனசில்லை"ன்னாங்க. இன்னொன்னை நான் மடியில சொருகிட்டு வந்து வாய்க்காலுல உட்டுப்போட்டேன். ஊட்டுக்கு வந்ததும் அவங்க அம்மாளுக்கு ஒடம்பு தொடைச்சு உட்டாங்க. அப்பறம் எங்கிட்ட வந்து, "நீ போய்ச் சித்த நேரம் படு அம்மணி, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது"ன்னாங்க. படுத்தேனுங்க. நல்லாத் தூங்கினேன்னு சொல்ல வெக்கமா இருக்குது, ஆனாத் தூங்கினேன்.

அதுக்கப்பறம் நாலு வருசம் மாமியாரு இருந்தாங்க. நங்கை தஞ்சாவூருன்னு வாயைத் தொறக்கலை. பெத்தவங்க போய், வருசத் தெவசமும் முடிஞ்சு, ஒரு வியாழக்கெழமை வெடியால பையோட வந்து நின்னாங்க. ஆருகிட்டயும் கேக்கலை, பூவும் கேக்கலை. "போய்ட்டு சனிக்கெழமை பொழுதோட வந்துருவேன். மோட்டாரை மறக்காம நிறுத்து, கரண்டு விட்டு விட்டு வருது"ன்னாங்க. எங்கூட்டுக்காரரு ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. "தம்பி, எனக்கு அம்பத்தஞ்சு வயசு"ன்னாங்க. நான் புளிச்சோறும் தயிருச்சோறும் கட்டிக் குடுத்தேன்.

அப்ப அவங்களுக்கு மொழங்கால் வீங்கிக் கெடந்துது. பஸ் நிக்கற எடத்துக்கு நடக்கவே ரெண்டு எடத்துல நின்னாங்க. அஞ்சு வருசம் முந்தியே போயிருந்தா நல்ல காலோட போயிருப்பாங்க. அதை நெனச்சுட்டேதான் கூட நடந்தேன். பஸ்ஸு வர்றதுக்குள்ள சொல்லிப்போடோணும், கால்ல விழுந்தாவது சொல்லிப்போடோணும்னு இருந்தேன். "நங்கையா, அந்தப் பூ..."ன்னேன். "என்ன அம்மணி, பூவு வாங்கியாரோணுமா?"ன்னாங்க. ஆமாங்கன்னுட்டேன். பஸ்ஸு வந்துது. முன்னால சீட்டுல ஏறி உக்காந்து, பையை மடியில வச்சுக்கிட்டாங்க. திரும்பிப் பார்க்கலை.

சனிக்கெழமை சொன்னாப்பலயே வந்தாங்க. எனக்குக் கதம்பம் கொண்டாந்தாங்க, வாடிப் போயிருந்துது. நாங்க எல்லாரும் சுத்தி நின்னு கேட்டோம். சோறு கெட்டுப் போகலீங்களா? வண்டியில எடம் கெடைச்சுதுங்களா? சத்திரத்துல ஆராச்சும் ஏதாச்சும் கேட்டாங்களா? நம்ம ஊருக்காரங்க ஆரும் பார்க்கலியே? எல்லாத்துக்கும் பதில் சொன்னாங்க. அப்பறம் சேலையை மாத்திட்டுக் கட்டுத்தரைக்குப் போய்ட்டாங்க. எருமை மூணு நாளா சரியாத் தீனி எடுக்கலைன்னு அவங்களுக்கு அது பெரிய கவலையாப் போச்சு.

அதுக்கப்பறம் எங்கயும் போகோணும்னு கேக்கலை. போன வருசந்தான் சரசுவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு வால்பாறைக்குப் போனாங்க. கடுதாசி போட்டாங்க, குளுரு தாங்கலை, தேயிலைத் தோட்டம் பார்க்க ஒரே பச்சையா இருக்குது, கண்ணு கூசுதுன்னு. இந்த ஊட்டுக்குத் திரும்பி வர்றப்ப எஸ்டேட் லாரியில கொண்டாந்து எறக்கினாங்க. நாங்கதான் குளிப்பாட்டினோம். மொழங்கால் ரெண்டும் வீங்கினபடியே இருந்துது. நான் அந்தக் காலைப் புடிச்சுட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அளுகைச் சத்தத்துல ஆருக்கும் கேட்டிருக்காது. அவங்களுக்குந்தான் கேட்டிருக்காது.

அதுனாலதானுங்க சொல்றேன், ஊரு ஊராக் கோயில் பார்த்தவங்கன்னு போடாதீங்க. ஒரே ஒரு கோயில் பார்த்தாங்க, தனியாப் போய்ப் பார்த்தாங்கன்னு போடுங்க. நங்கையா, போற எடத்துல உங்களை ஆரும் மூட்டைக்குக் காவல் வைக்காம இருக்கோணும். நானு பின்னால வாரேன். வந்து அங்க உங்க கால்ல விழுந்துக்கறேன்.

போதுமுங்க, எழுதினவரைக்கும் போதும். எனக்குந்தான் அசதியா இருக்குது.

இருங்க, இப்பத்தான் நாபகம் வருது. அவங்க தஞ்சாவூரு போய்ட்டு வந்து ஒரு வாரமோ என்னமோ இருக்கும். அடுப்புகிட்ட வந்து உக்காந்து, "அம்மணி, அங்க அண்ணாந்து நின்னேன் பாரு, அப்ப எனக்கு"ன்னு ஆரம்பிச்சாங்க. பால் பொங்கிருச்சு. சித்த இருங்க நங்கையான்னு பாலை எறக்கி, அடுப்பைத் தொடைச்சு, அக்கட்ட ஆரோ கூப்பிட அதுக்கும் போய்ட்டு வந்து பார்த்தேன். அவங்க எந்திரிச்சுப் போயிருந்தாங்க. அப்பறம் நானும் கேக்கலை.