கொம்பு முறிந்த நாளும் றஞ்சிதாவின் கடையும்

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். றஞ்சிதாவின் கடையை மூடுவதா, விடுவதா என்பது ஒன்றுதான் பேச்சு.

வவுணதீவுப் பக்கத்தில், கண்ணகி அம்மன் கோயில் காணியில் இருக்கிறது அந்தக் கடை. முன்னால் கைபேசி திருத்தும் மேசை, பின்னால் ஐந்து கணினிகள். றஞ்சிதாவுக்கு வயது நாற்பத்தொன்று. பன்னிரண்டு வருடம் தையல் தொழிற்சாலையில் நின்றுவிட்டுத் திருத்தவேலை படித்தவர். புளியந்தீவில் மூடப்பட்ட ஒரு கடையின் கணினிகளை வாங்கி வாவிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தவர். பொடியன்கள் அங்கே விளையாடுவது சுடுகிற விளையாட்டுத்தான். பகல் முழுக்க வெடிச்சத்தம். "சண்டை முடிஞ்சு எத்தின வருசம், இவள்ட கடையில மட்டும் முடியல்ல" என்று ஊரில் பகிடி.

புதன்கிழமை அந்தப் பகிடி நின்றுபோனது. நிலோஜன் என்ற இருபது வயதுப் பொடியன் அவரது கடையிலிருந்து இறங்கி நேரே வாவிக்கரைக்குப் போனான். தோணி தள்ளும் கம்பை எடுத்து, அங்கே நின்ற தனோஜன் என்பவனின் தலையில் அடித்தான். தனோஜனுக்கு ஒன்பது தையல், நிலோஜனைப் பொலிஸ் பிடித்து விளக்கமறியலில் வைத்தது. அடித்தவன் எங்கிருந்து வந்தான் என்பதை ஊர் பிடித்துக்கொண்டது.

கூட்டத்துக்குப் போகும்போது றஞ்சிதாவிடம் மடிக்கணினி இருந்தது. அதற்குள் கோயில் சபையின் புதன்கிழமைத் திருவிழா ஒளிப்பதிவு. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரருக்கு அனுப்பச் சொல்லி, சபைத் தலைவர் வேலப்போடியே கொடுத்தது. அதைப் போட்டுக் காட்டினால் காணிக்குச் சொந்தக்காரரான சபையைப் பகைக்கவேண்டும். கடைக்குள் நடந்த இன்னொன்றும் அவருக்குத் தெரியும். அதைச் சொன்னால் கடை போய்விடும்.

மண்டபம் நிறைந்திருந்தது. வேலப்போடி தொடங்கினார்.

"சுட்டுப் பழகினவன் ஒருநாள் சுடத்தான் பார்ப்பான். துவக்கு கிடைக்கல்ல, கம்பு கிடைச்சிது."

"போடியார், உங்கட பேரனும் அங்கதானே சுடுறான். வீட்டில கம்பு கிம்பு வைச்சிராதீங்க" என்றது பின்வரிசை. சிரிப்பு எழுந்து, உடனே அடங்கியது.

தக்ஷாயினி டீச்சர் எழும்பினார். "ஆராய்ச்சி செய்றவங்களே ரெண்டு பக்கமா நிக்கிறாங்க. கோபத்தைக் கொஞ்சம் கூட்டும் எண்டு சிலபேர். ஆளை அடிக்கிற அளவுக்குக் கொண்டுபோகாது எண்டு சிலபேர். நாலு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிக்கிற விசயமில்ல இது."

"என்ட புள்ளைக்கு ஒன்பது தையல், டீச்சர்" என்றார் தனோஜனின் தாய் சீதேவி. "அது எந்தப் பக்கத்தில நிக்கிது?"

எல்லாரும் றஞ்சிதாவைப் பார்த்தார்கள். அவர் எழும்பி நின்றார்.

"அண்டைக்கு அவன் என்ட கடையில மூணு மணித்தியாலம் விளையாடினவன். கடைசியாத் தோத்த கோபத்தில கீபோர்ட்டை மேசையில அடிச்சு உடைச்சவன். நான் ஏசினன். ஏன்டா எண்டு கேக்கல்ல."

"பிறகென்ன, அவவே சொல்லிட்டா" என்றார் வேலப்போடி.

"மறுகா ஒண்டு இருக்கு, போடியார். கடைக்கு வர முந்தி நடந்ததையும் பாருங்க." றஞ்சிதா மடிக்கணினியை மேசையில் வைத்துத் திறந்தார்.

புதன்கிழமை கொம்புமுறி. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிற்றால் இழுக்கும். எந்தச் சேரியின் கொம்பு முறிகிறதோ அது தோற்றது. வென்றவர்கள் வசைபாடுவார்கள், தோற்றவர்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அந்த ஊரில் அதற்கு ஒரு கட்டு உண்டு: சேரியை ஏசலாம், ஒருவனின் வீட்டை ஏசக்கூடாது.

படத்தில் நிலோஜனின் சேரிக் கொம்பு முறிந்தது. தனோஜன் மைக்கை வாங்கினான். நிலோஜனின் தாயைப் பெயர் சொல்லியே பாடினான். கட்டாருக்குப் போன புருசன் ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டான். காரணத்தையும் அவனே பாடினான். ஒலிபெருக்கி அதை நாலு திசைக்கும் கொண்டுபோனது. நிலோஜன் கயிற்றை விடாமல் நின்றான். கமெரா திரும்பியபோது வேலப்போடி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று பொங்கல் அடுப்படியில் மேளச் சத்தத்துக்குள் நின்ற சீதேவியின் காதில் இது விழுந்ததே இல்லை.

"திருப்பிப் போடுகா" என்றார்.

றஞ்சிதா திருப்பிப் போட்டார். சீதேவி முடியும்வரை பார்த்தார்.

"அடிச்சது பிழை. அவன் உள்ளுக்க இருக்கட்டும்" என்றார். "ஆனா இவள்ட கடையைப் பூட்டுறதெண்டா அந்த மைக்கையும் பூட்டுங்க, போடியார். இல்லாட்டி ரெண்டையும் விடுங்க."

மைக்கைப் பூட்ட அங்கே ஒருவருக்கும் மனமில்லை. கடையைப் பற்றியும் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலை வேலப்போடி கடைக்கு வந்தார். மேசையில் கையூன்றி, குரலைத் தாழ்த்தினார்.

"மகள், அந்தப் படத்தில நான் சிரிக்கிற இடத்தை மட்டும் வெட்டேலுமா?"

"வெட்டலாம், போடியார். ஆனா நீங்கதானே அவசரப்படுத்தினீங்க. படம் வியாழக்கிழமையே லண்டனுக்குப் போயிட்டுது."

அவர் மறுமொழி சொல்வதற்குள் பின்னால் வெடிச்சத்தம் ஓய்ந்து, மேசையில் யாரோ ஓங்கிக் குத்தும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினார்கள். றஞ்சிதா பிரித்த கைபேசியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி உள்ளே போனார், யார் தோற்றது என்று பார்க்க.