அக்கா வாசித்த வயலின்கள்

தொண்ணூறுகளின் நடுவில் குரோம்பேட்டையில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, பக்திப் பாட்டு கேசட்டுகளுக்குக் கீபோர்டில் பின்னணி இசை அமைத்துக்கொண்டிருந்தேன். வீடு இரும்புலியூரில். அங்கே சர்ச் பாடகர் குழுவில் வயலின் வாசித்தவள் என் அக்கா ஒருத்திதான். தசைகள் மெல்ல வலுவிழக்கும் நோய் அவளுக்கு வந்தது. அந்த வருடம் ஒரு வரியைக்கூட முழுதாக வாசிக்க முடியவில்லை. வில் பாதியில் நின்றுவிடும்.

புனித வெள்ளிக்கு அவள் மெட்டமைத்த பாட்டையே பாடுவதென்று குழுவில் முடிவு செய்தார்கள். பின்னணியை நான் கேசட்டில் தர வேண்டும். கீபோர்டில் இருந்த வயலின் ஒலியை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"நிறைய பேர் வாசிக்கிற மாதிரி இல்லடா. ஒரே ஆளு சத்தமா வாசிக்கிற மாதிரி இருக்கு."

நண்பரிடம் சாம்ப்ளர் இரவல் வாங்கினேன். எந்த ஒலியையும் பதிந்து, அதையே கீபோர்டு கட்டைகளில் வாசிக்க உதவும் கருவி அது.

"ஒவ்வொரு ஸ்வரமா வாசிக்க முடியுமாக்கா? மத்ததை நான் பாத்துக்கறேன்."

"ஒரு ஸ்வரம்னா முடியும்."

அப்பா அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். வீட்டிலேயே, பக்கத்தில் மின்சார ரயில் கடந்து போகும்வரை காத்திருந்து ஒவ்வொன்றாகப் பதிந்தோம். நடுநடுவே கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். போதும் என்று அப்பா சொன்னதை அவள் கேட்கவில்லை. ஒரே ஸ்வரத்தை மறுபடி மறுபடி வாசித்தாள்.

பிறகு நான் அடுக்கினேன். ஒரே பதிவை இரட்டித்தால் சத்தம்தான் கூடும், ஆள் கூடாது. அதனால் ஒவ்வொரு அடுக்குக்கும் வேறு பதிவு. ஒன்றைச் சுருதியில் இம்மி இறக்கினேன். இன்னொன்றைக் கொஞ்சம் பிந்தித் தொடங்க விட்டேன். சிலவற்றை இடப்பக்கமும் சிலவற்றை வலப்பக்கமும் உட்கார வைத்தேன்.

அக்கா ஹெட்ஃபோனில் கேட்டாள்.

"இவங்கள்லாம் யாருடா?"

"எல்லாமே நீதான்க்கா."

மறுபடி போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "மூணாவது வரில ஒருத்திக்கு வில்லு நடுங்குது" என்றாள்.

"எடுத்துடட்டுமா?"

"வேணாம். அவளும் வாசிக்கட்டும்."

புனித வெள்ளியன்று ஆட்டோவில் அழைத்துப்போனோம். பின்வரிசையில் அப்பாவின் தோளில் சாய்ந்து பாட்டு முழுவதையும் கேட்டாள். அவள் இடக்கை விரல்கள் மடியில் அசைந்துகொண்டிருந்தன.

அடுத்த மழைக்காலத்தில் அக்கா இறந்துபோனாள்.

சில மாதம் கழித்து, ஒரு விளம்பர வேலையாக வந்தவர் அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டு, "சார், இந்த வயலின் செட் சூப்பரா இருக்கே. எங்களுக்கும் இதையே போட்டுடுங்க" என்றார். இதை வேறு எதற்கும் கொடுப்பதில்லை என்றேன். கீபோர்டில் இருந்த வயலின்களையே போட்டுக் கொடுத்தேன். அவருக்கு அதுவும் பிடித்திருந்தது.