எண்ணெய் தடவிய வில்

சண்டை போட ஆளில்லாத வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் என் கோபம் புரியும். என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி வந்தது; குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு அடியோடு போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "உசுரு தப்பிச்சிச்சுல்ல, அது போதும்மா" என்றார்கள். போதுமாம்! அவர்களுக்கென்ன, ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு, மாடிப்படி முழுவதும் இறங்கி அவரவர் வீட்டுச் சண்டைக்குப் போய்விட்டார்கள்.

நாங்கள் கல்யாணம் ஆன மறுநாளிலிருந்தே சண்டை போட்டவர்கள். ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா, குழம்பில் புளி தூக்கலா மட்டா, எதற்கும் போடுவோம். யாங்கோனில், கியாக்டடா பேட்டையில் எங்கள் சந்தின் எதிர்வீட்டுக்காரர்கள் டிவியைத் தணித்துவிட்டு எங்களைக் கேட்பார்கள். அவர் குரல் அப்படி. கோயில் பஜனையில் முதல் அடியை எடுத்துக்கொடுக்கிற குரல். மைக் இல்லாமலே தெருமுனை வரை போகும். அதே குரலில்தான் என்னையும் திட்டுவார், நானும் விடமாட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்ப்பார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் பாடவேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசையில்லை. நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்லவேண்டும். அதைத்தான் கேட்டேன், அதற்காகத்தான் இத்தனை பாடும் பட்டேன்.

தொண்டையில் வைத்து அழுத்தினால் பேசுகிற ஒரு கருவி இருக்கிறதென்று வாங்கி வந்தோம். ஒரே முறை வைத்துப் பார்த்தார். தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி வந்தது. கட்டிலுக்கு அடியில் வீசியவர் பிறகு எடுக்கவே இல்லை. ஃபோனில் எழுதிக் காட்டுவார், அதுவும் பர்மிய எழுத்தில்: 'தண்ணீர்', 'விசிறி', 'கதவு'. திட்டுவதை யாராவது எழுதிக் காட்டுவார்களா? எழுதி முடிப்பதற்குள் கோபமே ஆறிப்போகாதா? நடுவில் இந்தச் சொந்தக்காரர்கள் வேறு. பேச்சுத்தானே போயிற்று, காதுமா போயிற்று? வருகிறவர்கள் எல்லாம் அவர் காதுக்கிட்டே குனிந்து, "மாமா... நல்லா... இருக்கீங்களா..." என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பஜனைக் கோஷ்டியில் ஒருவர் தன் பழைய வயலினைக் கொண்டுவந்தார். சுருதி ஞானம் உள்ள மனுஷன் சும்மா இருக்கலாமா, இதை வாசிக்கட்டும் என்றார். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. சம்மணம் போட்டு உட்காரவைத்து, வயலினின் அடியைத் தோளோரம் சாய்த்ததுமே இவர் முகம் வெளிறிவிட்டது. அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் எது வந்தாலும் மூச்சை அடைக்க வருவதாக அவருக்குப் பயம். வயலினைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன். கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம், கடையில் உட்கார்ந்து ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தேன். பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில் ஒரு பெண், பலகை மாதிரி ஒன்றை மடியில் நிறுத்தி வில்லால் இழுத்துக்கொண்டிருந்தாள். யாழ்தான், ஆனால் மீட்டுகிற யாழ் இல்லை, இழுக்கிற யாழ். மூன்று தந்தி. பலகையின் மேற்பாதியில் கை நுழைகிற அளவுக்கு வெட்டியிருக்கிறது. அதற்குள் இடது கையை விட்டு, விரலின் பின்பக்கத்தால் தந்தியைத் தொடுகிறாள். ஒரு தந்தி ஒரே சுருதியில் இரைந்துகொண்டே இருக்க, பக்கத்துத் தந்தி அதன்மேல் ஏறிப் பேசுகிறது. இனிமை என்று சொல்லமாட்டேன். சளி பிடித்த ஆள் கோபத்தில் பேசுகிற மாதிரி இருந்தது. அது போதும் எனக்கு. மடியில் உட்காரும், கழுத்துக்குக் கிட்டேயே வராது.

சாமி படங்களுக்குச் சட்டம் அடித்துக் கொடுக்கிற கடை என்னுடையது. ரம்பம், உளி, இழைப்புளி எல்லாம் என் கைக்குப் பழக்கம். "பொம்பளை நீ யாழு செய்யப்போறியா?" என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். இன்சீன் சந்தையில் பழைய கதவு விற்கிற இடத்தில் ஒரு தேக்குப் பலகை பிடித்தேன். உள்ளே குடைந்து தொட்டி மாதிரி ஆக்கவேண்டும். விளிம்பு மெலிசாக இருந்தால்தான் சத்தம் நன்றாக வரும் என்று செதுக்கிக்கொண்டே போனேன், ஒரு ஓரம் விண்ணென்று பிளந்துவிட்டது. உளியைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதேன். அழுது முடித்து, மீதிப் பலகையில் மறுபடி ஆரம்பித்தேன். மேலே மூடுவதற்குக் கப்பலில் சாமான் வந்த பெட்டியின் மெல்லிய பலகை, தந்தியை முறுக்க வேப்பங்கட்டையில் மூன்று முளை, மீன் பிடிக்கிற நரம்பில் தந்தி. இழுத்தால் கொசு மாதிரி ஙொய்யென்றது. குதிரைவால் மயிர்தான் வேண்டும், தந்திக்கும் வில்லுக்கும் இரண்டுக்குமே.

யாங்கோன் நகரத்தில் குதிரைக்கு எங்கே போவது? படகேறி ஆற்றுக்கு அக்கரையில் டாலாவுக்குப் போய், அங்கிருந்து துவாண்டே போகிற வழியில் குதிரை வண்டி ஓட்டுகிற ஒரு பெரியவரைப் பிடித்தேன். வால் மயிர் வேண்டும் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்குச் சூனியம் வைக்க?" என்று பர்மிய மொழியில் கேட்டுச் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! "சூனியமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. என் புருஷனுக்குத் தொண்டையை எடுத்துட்டாங்க, அவருக்கு ஒரு குரல் செய்யணும்" என்று நானும் பர்மிய மொழியிலேயே கொட்டிவிட்டேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். தானே சீப்பை எடுத்து வாலை வாரி, நீளமாகப் பார்த்து அறுத்துக் கொடுத்தார்.

மயிரைச் சோப்புப் போட்டு அலசி, திரித்துத் தந்தியாக்கினேன். மீதியை ஒரு மூங்கில் குச்சியில் கட்டி வில்லாக்கினேன். வில்லின் மயிருக்கு மட்டும் பிசின் பூசவேண்டும். பிசினில்தான் இருக்கிறது விஷயம். அது தந்தியைக் கவ்வி இழுத்தால்தான் சத்தம், வழுக்கினால் ஒன்றும் இல்லை. ரேடியோ பழுதுபார்க்கிற கடையில் ஈயம் பற்றவைக்கத் தொடுவார்களே, அந்த மஞ்சள் பிசின்தான். ஒரு கட்டி வாங்கிவந்து, மயிர் வெள்ளையாகிற வரை தேய்த்தேன்.

நான் செதுக்கிய நாளெல்லாம் அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தந்தி கட்டி, நான் முளையைத் திருகிச் சுருதி சேர்த்தபோது திரும்பினார். என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். நான் சேர்த்த சுருதியை முழுக்கத் தளர்த்திவிட்டு, காதை வைத்துத் தானே புதிதாகச் சேர்த்தார். சேர்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், 'உனக்கு என்ன தெரியும்' என்று. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆனால் என் எதிரில் வாசிக்கமாட்டார். நான் கடைக்குப் போனதும் எடுப்பார், மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் வைத்துவிடுவார். கீழே டீக்கடை வைத்திருக்கிற பர்மியப் பெண் ஒருநாள் என்னை நிறுத்தி, "மேல ஊலே பகலெல்லாம் அழுவுறாரா?" என்று கேட்டாள். ஊலே என்றால் பர்மிய மொழியில் மாமா, மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் எரிந்தது. டீக்கடைக்கே கேட்கிறது, கட்டின பெண்டாட்டிக்குக் கேட்கக்கூடாதா? மேலே போய், "எனக்கு எப்ப காட்டப்போறீங்க?" என்று கத்தினேன். அவர் ஃபோனை எடுத்து எழுதினார்: 'சரஸ்வதி பூஜை.'

சரஸ்வதி பூஜை என்றால் அவருடைய அக்கா, என் அண்ணி, வந்துவிடுவார். இன்சீனிலிருந்து, ஊரைச் சுற்றி ஓடுகிற வட்ட ரயிலில், மடியில் பூக்கூடையோடு. வருஷா வருஷம் இந்தப் பூஜையை அண்ணிதான் செய்வார். புருஷன் போனவர், பிள்ளையில்லை, தம்பி வீட்டுப் பூஜைதான் அவருக்குப் பண்டிகை. என் கடை ஆயுதங்களை எல்லாம் துடைத்து, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்குவார். மறுநாள் காலை மறுபூஜை போடும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. யாழை மட்டும் படையல் ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுத்து அவர் வாசிக்கட்டும், அப்புறம் அதுவும் பூஜையில் இருக்கட்டும் என்று பேசி வைத்திருந்தோம்.

சாயங்காலம் நான் பொரி கடலை வாங்கிக்கொண்டு வந்தபோது எல்லாம் அடுக்கியாகிவிட்டது. ரம்பம் பளபளவென்று இருந்தது. சொந்தத்தில் சிலரும் பக்கத்து வீட்டாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் சலவை லுங்கி கட்டி, கழுத்தில் புதுத் துணி சுற்றிக்கொண்டு வந்தார். யாழை மடியில் நிறுத்தினார், கையை உள்ளே விட்டார், கண்ணை மூடிக்கொண்டு வில்லை இழுத்தார்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தார். வில் போகிறது, வருகிறது, சத்தம் இல்லை. மூன்றாம் முறை அழுத்தி இழுத்தார். அழுத்துகிற வேகத்தில் அவர் வாயும் தானாகத் திறந்தது, அதிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. கூட்டத்தில் ஒரு புண்ணியவான் அவர் காதுக்கிட்டே குனிந்து, "பரவால்ல மாமா... அடுத்த வருஷம் பாத்துக்கலாம்..." என்று கத்தினான். அவர் யாழைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் வில்லை எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். விரல் வழுக்கியது. முகர்ந்தேன். நல்லெண்ணெய்!

"யாரு இதுக்கு எண்ணெய் வெச்சது?"

அண்ணி நிதானமாகச் சொன்னார். "நாந்தான் வெச்சேன். மயிரெல்லாம் வறண்டு, பொடுகு புடிச்ச மாதிரி வெள்ளை வெள்ளையா உதுந்துச்சு. பூசைக்கு வைக்கிற சாமானை அப்படியே வைக்கலாமா? நல்லா துடைச்சு, எண்ணெய் தடவி, நீவி விட்டேன். தந்திக்கும் கொஞ்சம் தடவினேன்."

பொடுகாம்! நான் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பிசின் அவருக்குப் பொடுகு. "அது பொம்பளைப் புள்ள தலையா, நீவி விட? என்னை ஒரு வார்த்தை கேட்டா வாய்ல முத்தா உதுந்திடும்?" என்று ஆரம்பித்தேன். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கை பொரியோடு கழன்றுகொண்டார்கள். "ரயிலைப் புடிச்சு வீட்டுக்குக் கெளம்புங்க" என்றுகூடச் சொல்லிவிட்டேன். தெருவுக்குத் தெரு ராணுவம் நிற்கிற இந்தக் காலத்தில் இருட்டின பிறகு யார் வெளியே போவார்கள்? அண்ணி போகவில்லை, யாழையும் வில்லையும் படத்துக்கு முன்னால் வைத்துத் தனியாகவே படையலை முடித்தார். சாப்பிடாமல் மூலையில் சுருண்டு படுத்தார். நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

விடிந்ததும் மறுபூஜைக்குக் காத்திருக்கவில்லை. படத்துக்கு முன்னாலிருந்து யாழையும் வில்லையும் எடுத்தேன், சாமிக்குக் கோபம் வந்தால் வரட்டும். பாத்திரம் கழுவுகிற சோப்பில் வில்லின் மயிரை அலசி, தந்தியையும் ஸ்பிரிட்டில் துடைத்து, வில்லை ஜன்னல் கம்பியில் வெயிலில் கட்டினேன். காய்ந்ததும் பிசினைத் தேய்த்து, அறைக்கதவைத் திறந்து அவர் கட்டிலில் வைத்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அடுக்களைக்கு வந்தேன். அண்ணி படத்துக்கு முன்னால் காலியான இடத்தைப் பார்த்துவிட்டு, "மறுபூசை போடாம எடுத்திட்டியே, வீட்டுக்கு ஆகுமா?" என்று தொடங்கினார். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"வீட்டுக்கு இனி ஆக என்ன இருக்கு? உங்க கை பட்டது எது விளங்கியிருக்கு? கட்டினவரு இருந்தாரா? வயித்துல ஒண்ணு தங்குச்சா? இப்ப தம்பி வாயையும் அடைச்சிட்டீங்கள்ல, நிம்மதியா?"

அண்ணி கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அறையிலிருந்து சத்தம் வந்தது. அடியில் கரகரவென்று ஆரம்பித்து, நீளமாக ஏறி, உச்சியில் போய்ப் பட்டென்று அறுந்தது. பின்னாலேயே இரண்டு குட்டை இழுப்பு, வெட்டு வெட்டாக. அது பாட்டு இல்லை. அவர் என்னைத் திட்டுகிற ராகம் அது, ஏற்றம் இறக்கம் எல்லாம் அப்படியே. 'வாயை மூடுடி, யாரைப் பாத்து என்ன பேசுற?' ஒரு வார்த்தை இல்லாமலே ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அண்ணிக்கும் கேட்டிருக்கவேண்டும், டம்ளரை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பலகை பிடித்தது நான், கை பொத்துப்போகக் குடைந்தது நான், ஆறு தாண்டிப் போய்க் குதிரைவால் கொண்டுவந்தது நான். அந்த மனுஷன் முதன்முதலாக வாய் திறந்தது அவர் அக்காவுக்காக! கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. அறை வாசலுக்குப் போய் இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"என்ன, அக்காவுக்கு வக்காலத்தா?" என்று கத்தினேன்.

உடனே பதில் வந்தது, முன்னைவிடச் சத்தமாக.